அல்சருக்கென்று சொல்லி விழுங்கிய மாத்திரை

பெரியவனே, சின்னவனே, பாப்பா,

மூணு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். போன வாரம் உங்களில் ஒருத்தர் ஒரு மாத்திரை அட்டையைப் படம் பிடித்து ஃபோனில் அனுப்பி, "அப்பா, இது எதுக்குப் போடுறது? கூட வேலை பாக்குற ஒருத்தன் கேட்டான்" என்று கேட்டிருந்தீர்கள். அது யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. கூட வேலை பார்ப்பவன் என்றால் கூட வேலை பார்ப்பவன்தான். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த மாத்திரையை எனக்கு நன்றாகத் தெரியும். என் கையாலே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். விரல் வரைக்கும் வந்தது. அப்புறம் ஃபோனை வைத்துவிட்டேன். இந்த விசயத்தில் ஒரு வரியில் கேட்டு, ஒரு வரியில் சொல்லி, பாதியை முழுங்கினதால் வந்த வினைகளைப் பார்த்துப் பார்த்தே எனக்கு அலுத்துப் போய்விட்டது. அதனால் முழங்கால் வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்களும் கொஞ்சம் உட்கார்ந்தே படியுங்கள்.

அப்பா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார் என்றுதான் உங்களுக்குத் தெரியும். எந்தப் பிரிவு என்று நான் சொன்னதில்லை. பாப்பாவைப் பெண் கேட்டு வந்தவர்கள், "மாமா ஆஸ்பத்திரில எந்த செக்சன்ல இருக்காக?" என்று கேட்டபோது உங்கம்மா முந்திக்கொண்டு, "எல்லாத்தையும் அவுகதேன் பாத்துக்கிறாக" என்று சொல்லிக் காபித் தட்டை நீட்டிவிட்டாள். நான் இருந்தது ஆண்களுக்கான சிறுநீர்ப் பிரிவு. கல் அடைப்பு, வயசானவர்களுக்கு மூத்திரம் சொட்டுவது, இதெல்லாம் வரும். அதோடு இன்னொரு கூட்டமும் வரும். விந்து வெளியேறும்போது வலி என்று வருகிறவர்கள். நேரே அப்படிச் சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள் என்பது வேறு விசயம்.

படிக்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். எழுதுகிற எனக்கும்தான். பாப்பா, "இது ஆம்பளைக சமாச்சாரம்" என்று பாதியில் வைத்துவிடாதே. நீதான் முக்கியமாகப் படிக்கணும்.

பத்தாவதோடு எனக்குப் படிப்பு ஓடவில்லை. அல்லிநகரம் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு பாயாகச் சேர்ந்தேன். தரை துடைத்தேன், கட்டில் தள்ளினேன், நர்சம்மா சொல்லச் சொல்லக் கட்டுப் போடவும் டியூப் மாட்டவும் பழகினேன். சில வருசம் அப்படியே ஓடியது. அப்போதுதான் கம்பத்திலிருந்து ஒரு சிறுநீரக டாக்டர் வந்து எங்கள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார். ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. எல்லோரும் ராவுத்தர் டாக்டர் என்றே சொல்வார்கள். வந்த அன்றைக்கே மேனேஜரிடம், "எனக்கு ஒரு ஆள் வேணும். ஆம்பளையா இருக்கணும், வெளிய போயி வாயத் தொறக்காதவனா இருக்கணும்" என்றாராம். மேனேஜர் என்னைக் கை காட்டினார். அதிலிருந்து டாக்டர் வேலையை விட்டுப் போகும்வரை அவர் அறைதான் என் அறை.

அவர் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன். உள்ளே வருகிறவன் வயசில் சின்னவனாக இருந்தால் "வாங்க மாப்ளே". பெரியவராக இருந்தால் "வாங்க மாமா". நம்ம பக்கம் ராவுத்தமாரும் மற்றவர்களும் அப்படி முறை வைத்துப் பேசுவது உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும். மாப்ளே என்று கூப்பிட்டதும் வந்தவனுக்குத் தோள் கொஞ்சம் இறங்கும். அடுத்து என்னைப் பார்த்து, "ஏப்பா, அந்த ஃபேன நிப்பாட்டு" என்பார். சித்திரை வெயிலிலும் நிப்பாட்டச் சொல்வார். எங்கள் அறை ஃபேன் கடகடவென்று சத்தம் போடும். எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை, வேர்க்குதே என்று முனகினேன்.

"அவன் அந்த ஒரு வார்த்தைய வீட்லருந்து சுமந்துக்கிட்டு வந்திருக்கான்யா" என்றார். "ஒருக்காத்தேன் சொல்லுவான். காதுல விழாம நான் 'என்னது?'ன்னு கேட்டேன்னு வையி, 'தலவலிங்க சார்'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிருவான்."

பேனாவையும் மூடி வைத்துவிடுவார். அவன் பேசும்போது எழுதினால் பயந்துவிடுவான் என்பார். முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் கேட்பார்.

வருகிறவர்கள் சொல்வது எல்லாம் ஒரே பாட்டு. "சூடு புடிச்சிருக்கு சார்", "நீர்க்கடுப்பு சார்", "இடுப்பு புடிச்ச மாதிரி இருக்கு." அதற்குள் இளநீர் குடித்திருப்பார்கள், வெந்தயம் முழுங்கியிருப்பார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்திருப்பார்கள். சில பேர் இந்த வலிக்குப் பயந்து மாசக்கணக்கில் பெண்டாட்டி பக்கமே போகாமல் இருந்திருப்பார்கள், அடக்கி வைத்தால் ஆறிவிடும் என்று. டாக்டர் எதையும் கேலி செய்ய மாட்டார். "எண்ணெ தேச்சுக் குளிச்சது நல்லதுதேன் மாப்ளே. ஒடம்பு குளுந்திருக்கும். உள்ள இருக்கது குளுராதுல்ல?" என்பார்.

அப்புறம் கேள்விகள். வலி வெளியேறும்போதே வருதா, முடிந்த பிறகா? நுனியிலா, விதைக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலா, அடிவயிற்றிலா? எவ்வளவு நேரம் நிற்குது? ரத்தம் கலந்து வருதா? காய்ச்சல் உண்டா? ஒன்னுக்குப் போகும்போது எரியுதா? குடலிறக்கம், குடும்பக் கட்டுப்பாடு என்று ஏதாவது ஆபரேசன் ஆனதா? வெளியே வேறு யாரிடமும் தொடர்பு உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியையும் காய்ச்சல் உண்டா என்று கேட்ட அதே குரலில்தான் கேட்பார். குரல் மாறாததாலேயே உண்மை வந்துவிடும்.

வேறு என்ன மாத்திரை போடுகிறாய் என்பதை எப்போதும் கேட்பார். சின்னமனூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு வாத்தியாருக்கு அதில்தான் விடை இருந்தது. மனசு சோர்வுக்கு வேறு டாக்டரிடம் ஒரு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், வெளியே சொல்லவில்லை. அந்த வகை மாத்திரைகளில் சிலது இந்த வலியைக் கொண்டுவரும். "நீங்களா நிப்பாட்டிறாதீக மாமா, அது வேற வம்பு" என்று சொல்லி, எழுதிக் கொடுத்த டாக்டருக்கே ஃபோன் போட்டு மாற்றிக் கொடுக்கச் சொன்னார். வலி போய்விட்டது. எல்லாருக்கும் அவ்வளவு லேசில் முடியாது.

சோதனை நடக்கும் விதம் இது. முதலில் ஒரு பாட்டிலில் மூத்திரம் பிடிக்கச் சொல்வோம். அப்புறம் கட்டிலில் இடது பக்கம் ஒருக்களித்து, முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் படுக்க வைப்பேன். "மூச்ச நல்லா இழுத்து மெதுவா விடுங்க, இறுக்காதீக" என்று தோளில் கை வைத்துச் சொல்வது என் வேலை. டாக்டர் கையுறையில் களிம்பு தடவி, ஒரு விரலை ஆசனவாய் வழியாக விட்டு, புரோஸ்டேட் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். மூத்திரப்பைக்குக் கீழே பெருநெல்லிக்காய் அளவில் இருக்கும் அது. ஆட்கள் நினைக்கிற அளவுக்கு இது வலிக்காது, கூச்சம்தான் பெரிசு. மெதுவாக அதை அமுக்கிவிட்டு, திரும்பவும் இன்னொரு பாட்டிலில் மூத்திரம் பிடிக்கச் சொல்வோம். முதல் பாட்டிலில் இல்லாத கிருமி ரெண்டாவதில் இருந்தால், கிருமி சுரப்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ரெண்டு பாட்டிலும் மாறிவிடக் கூடாது. மாறினால் எல்லாம் வீண். கடுமையான காய்ச்சலோடு வந்தவனுக்கு மட்டும் அந்த அமுக்குகிற வேலையே கிடையாது. கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் என்பார்.

"விந்து அந்தச் சுரப்பி வழியாத்தேன் மாப்ளே வரணும்" என்று விளக்குவார். "வர்ற நேரத்துல அது தன்னால இறுகும். புண்ணான கைய முறுக்கிப் புழிஞ்சா எப்படி இருக்கும்? அதேதேன்."

இனி நான் சொல்ல வந்த ஆளைச் சொல்கிறேன். பேரை மாற்றியிருக்கிறேன். தவசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பத்துப் பக்கத்து ஆள். ஜீப் ஓட்டுகிறவர். விடியுமுன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறணும், சாயங்காலம் திரும்ப இறக்கணும். வந்து உட்கார்ந்ததும் டாக்டர் கேட்டார்.

"ஒக்காந்தே பொழப்பா மாப்ளே? ஒன்னுக்கு எங்க போவீக?"

"வண்டி நெறயப் பொம்பளையாளுக சார். நடுவுல எங்க நிப்பாட்ட? மேல போயி எறக்கி விட்டப்பறந்தேன்."

"அதுவரைக்கும்?"

"அடக்கிக்கிறது."

"சரி. இப்ப வந்த விசயத்தச் சொல்லுங்க."

ஃபேன் நின்றிருந்தது. தவசி கையிலிருந்த ஜீப் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார். "முடியப்போற நேரத்துல கத்திய வச்சு இழுத்தாப்புல இருக்கு சார். அதுக்கப்பறம் ரொம்ப நேரம் புரண்டு படுக்க முடியல. இப்ப நான் கிட்டயே போறதில்ல."

"வீட்ல சொல்லியாச்சா?"

"எப்புடி சார் சொல்ல? ஒங்கிட்ட வந்தா வலிக்குதுன்னா சொல்ல?"

"அப்ப என்ன சொல்லிருக்கீக?"

"ஒண்ணுஞ் சொல்லல. வெள்ளன எந்திரிக்கணும்னு ஜீப்புலயே படுத்துக்கிறேன்."

கல்யாணமாகி ரெண்டு வருசம்தான். பெண்டாட்டிக்குச் சொந்த ஊர் கடமலைக்குண்டு. அவள் பேரை லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். புருசன் ஜீப்பில் படுப்பதை ஊர் பார்க்காமல் இருக்குமா? மலைக்கு மேல் எவளோ ஒருத்தியை வைத்திருக்கிறான் என்று பேச்சுக் கிளம்பியிருந்தது. அது லட்சுமியின் அண்ணன்மார் காதுக்கும் போயிருந்தது. வீரபாண்டித் திருவிழா முடியட்டும், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லிவிட்டிருந்தார்கள். தவசிக்கு அதுதான் பயம். "அவ போயிட்டா வர மாட்டா சார். ரோசக்காரி" என்றார்.

சோதனை செய்தோம். ரெண்டாவது பாட்டிலில் கிருமி இருந்தது. எந்த மருந்துக்கு அது சாகும் என்றும் லேப்பில் எழுதிவந்தது. ரெண்டு வேளை மாத்திரை, வாரக்கணக்கில். கூடவே சுரப்பி வாயைத் தளர்த்திவிட ராத்திரிக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டால் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றலாம், விந்து கம்மியாக வரலாம், பயப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வண்டியை நடுவில் நிறுத்தியாவது ஒன்னுக்குப் போ என்றார். வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான தொட்டியில் ஊற்றி அதில் இடுப்பு முங்க உட்காரச் சொன்னார். தவசி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

முழு மருந்தும் முடித்துவிட்டு வந்தார். வலி அப்படியே இருந்தது. கிருமியும் அப்படியே இருந்தது.

நம்ம ஆட்கள் செய்கிற வழக்கமான தப்பு ஒன்று உண்டு. நாலு நாளில் எரிச்சல் குறைந்ததும் மிச்ச மாத்திரையைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. டாக்டர் அதைத்தான் சந்தேகப்பட்டார். "ஏலே மாப்ளே, முழுசாப் போட்டியா? பாதில நிப்பாட்டிட்டியா?"

தவசி பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவரை எடுத்து மேசையில் கொட்டினார். அத்தனையும் காலி அட்டை. "மாரியாத்தா சத்தியமா ஒண்ணு விடல சார். எம் பொண்டாட்டிதேன் நேரந் தவறாம எடுத்துக் குடுக்கா."

அந்த வார்த்தை எங்கள் ரெண்டு பேர் காதிலும் விழத்தான் செய்தது. மாத்திரை சரியாகப் போகிறது என்பதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டோம்.

மறுபடியும் மருந்து. மறுபடியும் அதே கதை. விந்து வரும் குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு ஸ்கேனுக்கு அனுப்பினார். கல் இல்லை. காசநோய்க் கிருமி அங்கே போய் உட்காருவதும் உண்டு, அதற்கும் பார்த்தார். அதுவும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் டாக்டர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கிருமிக்கு இந்த மருந்து கேக்கும்னு லேப்புல போட்டிருக்கான். கண்ணாடித் தட்டுல சாகுது. அவன் ஒடம்புல சாக மாட்டேங்குது. எங்கயோ எதையோ நான் விட்டிருக்கேன்யா" என்றார்.

எனக்கும் அந்த நாட்களில் சலிப்புத்தான். வெளிப் பெஞ்சில் தவசியைப் பார்த்தாலே, இன்றைக்கு இந்த மனுசனுக்கு என்ன சொல்லி அனுப்பப் போகிறோம் என்று இருக்கும். அவர் ஆள் இளைத்துக்கொண்டே வந்தார்.

அடுத்த தடவை டாக்டர், "வீட்டுக்காரம்மாவக் கூட்டிட்டு வாங்க மாப்ளே. அவுகளையும் ஒருக்காப் பாக்கணும்" என்றார். தவசி எழுந்து நின்றுவிட்டார். "அது மட்டும் வேணாம் சார். வேற என்னன்னாலும் சொல்லுங்க." அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு ஜீப்பை எங்கே நிறுத்தினாலும் ஊருக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் அவர் வண்டி நின்றதை யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். எவளோ இருக்கிறாள் என்ற பேச்சோடு, ஆளுக்கே ஏதோ கோளாறு என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் முந்தி, வெள்ளைச் சட்டை போட்ட பருத்த ஆள் ஒருத்தர் தவசியையும் லட்சுமியையும் முன்னால் விட்டு ஓட்டிக்கொண்டு வருவதுபோல வந்தார். லட்சுமியின் பெரிய அண்ணன். வரிசையில் நிற்காமல் நேரே உள்ளே வந்துவிட்டார்.

"டாக்டரே, ரெண்டுல ஒண்ணு இன்னைக்குத் தெரிஞ்சாகணும். இந்தாளு ஆம்பளையா இல்லையான்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க. ஊர்ல வச்சுப் பேசித் தீத்துவிட்டுர்றோம். எந் தங்கச்சிய வாழாவெட்டியா விட்டு வைக்க எங்களால ஆகாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "சர்டிபிகேட்டா? தாராளமாக் குடுக்கலாமே. மொதல்ல ஒங்களுக்கு ஒண்ணு எழுதிருவமா? அந்தா, கட்டில்ல ஏறி இடது பக்கமா ஒருச்சாய்ச்சுப் படுங்க. ஏப்பா, கிளவுஸ எடு."

நான் உண்மையாகவே கிளவுஸை எடுத்து உதறினேன். கதவு திறந்திருந்ததால் வெளிப் பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணன்காரர் ரெண்டு எட்டுப் பின்னால் போனார்.

"எனக்கென்ன டாக்டரே, எனக்கு நாலு புள்ளைக."

"அப்பச் சரி. வலி யாருக்கோ அவுகளும் அவுக வீட்டுக்காரம்மாவும் மட்டும் உள்ள இருக்கட்டும். நாலு புள்ளைக்காரர் வெளிய ஒக்காருங்க."

கதவைச் சாத்தினேன். டாக்டர் சொல்லாமலே ஃபேனை நிறுத்தினேன். நானும் வெளியே போகவா என்று பார்த்தேன். இரு என்று கையைக் காட்டினார். பாட்டில் அலமாரி பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"மாப்ளே, நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா? வேணாம்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றார்.

தவசி சாவியைச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம், "நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ஆத்தா, ஒம் வீட்டுக்காரருக்கு விந்து வரும்போது கடுமையா வலிக்குது. உள்ள ஒரு சுரப்பில கிருமி. அதனாலதேன் ஒங்கிட்ட வரப் பயப்படுறாரு. வேற எந்தக் கதையும் இதுல இல்ல" என்றார்.

லட்சுமி டாக்டரைப் பார்க்கவில்லை. புருசனைத்தான் பார்த்தாள்.

"வலிக்குதா மாமா?"

அவர் தலையை ஆட்டினார்.

"எப்பருந்து?"

"போன ஆடிக்கு முந்தியிருந்து."

"அப்ப அந்த ஜீப்புல படுத்தது…"

"ஆமா."

அப்புறம் பிடித்தாள் பாருங்கள். "பல்லு வலிச்சாச் சொல்றீக. கால் சுளுக்குனா ஊரக் கூட்டுறீக. இதச் சொல்ல மட்டும் வாயி இல்லயா? மலைக்கு மேல எவளோ இருக்காண்டு எங்கண்ணன் சொல்ல, நானும் நம்பிட்டேன். நம்பிக்கிட்டேதேன் ஒங்களுக்குச் சோறு போட்டேன். நம்பிக்கிட்டேதேன் மாத்திரையும் எடுத்துக் குடுத்தேன்." அங்கே நின்றுவிட்டாள். "அப்ப அந்த மாத்திரை? அல்சருக்குன்னு சொன்னீக?"

தவசி சாவியை வெளியே எடுத்து மறுபடியும் திருப்ப ஆரம்பித்தார்.

"வயித்துப் புண்ணுக்குன்னு சொன்னீகளே மாமா. அதுக்குத்தான நான் ஒரு வேள தவறாமப் பால்ல குடுத்தேன். காலைல ஆட்டுப்பாலு, ராத்திரிக்கு எருமப்பாலு. வயிறு எரியக் கூடாதேன்னு."

டாக்டர் திரும்பினார். யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்காத மனுசர் அன்றைக்குத் திருப்பிக் கேட்டார். "என்னத்துல குடுத்த ஆத்தா?"

"பால்ல சார். நல்லாக் காய்ச்சி."

"ரெண்டு வேளையுமா?"

"ரெண்டு வேளையும். அட்டைல இருந்து பிரிச்சு நானே வாயில போட்டு, டம்ளர அவர் கையில குடுத்துட்டு, குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு பாப்பேன்."

டாக்டர் ரெண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "இந்த மாத்திரைக்குப் பாலு ஆகாது ஆத்தா. பால்ல இருக்க சுண்ணாம்புச் சத்து மாத்திரையப் புடிச்சு வச்சுக்கிரும். ஒடம்புல சேர விடாது. வேண்டிய அளவுக்கு ரத்தத்துல போய்ச் சேந்தாத்தான கிருமி சாகும்?"

லட்சுமி தன் ரெண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். "அப்ப இம்புட்டு நாளா நான்தேன்…"

"நீ ஊத்துனது பாலு. அதுல தப்பு இல்ல. எதுக்குப் போடுறேன்னு இவரு ஒங்கிட்டச் சொல்லல. எதுல முழுங்குறன்னு நானும் இவருகிட்டக் கேக்கல. ரெண்டு ஆம்பளைக விட்டதத் தூக்கி ஒந் தலையில வச்சுக்கிறாத."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் தவசிதான் அழுதுகொண்டிருந்தார். அவள் அவர் தொடையில் கையை வைத்துக்கொண்டு, டாக்டரிடம், இனி தண்ணீரில் கொடுக்கணுமா, பால் எத்தனை மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம், மோர் ஆகுமா, சத்து மாத்திரை சேர்த்துக் கொடுக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு சோதனை பார்க்கணும், கிருமி போகும்வரை அவர் ஆணுறை போட்டுக்கொள்ளணும் என்று டாக்டர் சொன்னதற்கு, "சரிங்க" என்றாள். வெட்கப்படவில்லை.

கதவைத் திறந்ததும் அண்ணன்காரர் எழுந்தார். "என்ன சொன்னாக? ஆம்பளையா, இல்லையா?"

"அண்ணே, நீ பஸ்ஸுல போயிரு. நான் ஜீப்புல போறேன்" என்றாள் லட்சுமி.

"என்னன்னு சொல்லிட்டுப் போத்தா!"

"அவுகளுக்கு ஒடம்பு சரியில்ல. அம்புட்டுத்தேன். திருவிழாவுக்கு ரெண்டு பேருமாத்தேன் வருவோம், போ."

அண்ணன்காரர் என்னைப் பார்த்தார். நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

பிறகு நடந்ததையும் உள்ளபடி சொல்கிறேன். தண்ணீரில் விழுங்கின மாத்திரை இந்தத் தடவை வேலை செய்தது. கிருமி போனது. ஆனால் வலி உடனே போகவில்லை. வலிக்கும் வலிக்கும் என்று பயந்தே இடுப்புக்குக் கீழ் உள்ள தசை எல்லாம் இறுகப் பழகியிருந்தது. அதைத் தளர்த்த மூச்சுப் பயிற்சி, வெந்நீர்த் தொட்டி, அவசரப்படாமல் இருப்பது என்று மாசக்கணக்கில் ஆனது. முழுசாகப் போய்விட்டதா என்று பின்னொரு நாள் கேட்டேன். "எப்பயாச்சும் வரும்ணே. வந்தா அவகிட்டச் சொல்லிருவேன்" என்றார்.

உங்களில் ஒருத்தர் அனுப்பின படத்தில் இருந்ததும் தவசி போட்ட அதே மாத்திரைதான். அதற்கு இதுதான் என் பதில். கூட வேலை பார்க்கிறவனிடம் முதலில் கேள், அது டாக்டர் எழுதினதா, கடையில் தானாக வாங்கினதா என்று. தானாக வாங்கினதென்றால் ஒரு டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொல். எழுதினதென்றால் முழுசாகப் போடணும், தண்ணீரில் போடணும். ரத்தம் வந்தால், காய்ச்சல் வந்தால், விதை வீங்கினால், மூத்திரம் அடைத்தால் அன்றைக்கே ஓடணும். கூட இருக்கிறவளிடம் சொல்லணும். இந்தக் கடைசி மருந்தை எழுதிக் கொடுக்க எந்தச் சீட்டும் கிடையாது. பாப்பா, நாளைக்கு உன்னிடம் இப்படி ஏதாவது சொல்ல வந்து வாய் வராமல் ஒருத்தன் நின்றால், நீயே கேட்டுவிடு.

லட்சுமி வந்துபோன அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் கிளம்பும்போது வாசலில் நின்று, "நாளையிலருந்து மாத்திரை எடுத்துக் குடுக்கைல நீயும் கேக்கணும்யா. வீட்ல என்னன்னு சொல்லிருக்க, எதுல முழுங்குறன்னு. நான் மறந்தாலும் நீ கேக்கணும். கேட்ருவியா?" என்றார்.

"கேக்குறேன் சார்" என்றேன்.

அவர் கார் போன சத்தம் கேட்டது. பெருக்குகிற அம்மாவும் போய்விட்டாள். நான் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கையைத் துடைத்தேன். இத்தனை வருசமும் சொல்ல வேண்டியதை எல்லாம் அவர்தான் சொன்னார். இங்கன படுங்க, மூச்ச விடுங்க, இந்தாங்க பாட்டில். என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். ஆள் உட்காரும் முக்காலி காலியாக இருந்தது. அதற்கு எதிரே போய் நின்றுகொண்டேன்.

"விந்து…" என்று ஆரம்பித்தேன். காது சூடாகிவிட்டது. யாருமே இல்லை, ஆனாலும் குரல் தன்னால் இறங்கிப் போனது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முக்காலியைப் பார்த்து, மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன்.

"விந்து வரும்போது வலிக்குதுன்னு வீட்ல சொல்லிட்டீகளா?"